பத்து பவுண்டு வீடு: ஆல்ஃபிரிஸ்டன் குருமனையைக் காப்பாற்றியது எது?

ஓலைக்கூரை (இழையைத் தொடங்கியவர்):

இங்கிலாந்தின் கிழக்கு சசெக்ஸில், குக்மியர் ஆற்றங்கரையில் ஆல்ஃபிரிஸ்டன் என்று ஓர் ஊர். அங்கே புனித அந்திரேயா தேவாலயத்தை ஒட்டிக் கூரை வேய்ந்த மரச்சட்ட வீடு ஒன்று இருக்கிறது; அதுதான் குருமனை, ஊர்ப் பாதிரியாருக்கான வீடு. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பழைய இடங்களைப் பெற்றுக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு 1896இல் அதைப் பத்து பவுண்டுக்கு வாங்கியது. அந்த அமைப்பின் கைக்கு வந்த முதல் கட்டடம் இதுதான். முந்தைய ஆண்டில் வேல்ஸில் பார்மத் ஊருக்கு மேலேயுள்ள டினாஸ் ஒலெய் என்ற நாலரை ஏக்கர் மலைச்சரிவை ஃபேனி டால்பட் அம்மையார் கொடையாகக் கொடுத்திருந்தார். நிலம் தானமாக வந்தது, வீடு விலைக்கு வந்தது.

பழங்கட்டடங்களைப் பற்றி இங்கே பேச்சு எழும்போதெல்லாம் யாராவது ஒருவர் இந்தப் பத்து பவுண்டைச் சொல்லி வாய் பிளக்கிறார். எனக்கு அதில் எரிச்சல்தான். விலை ஏன் அவ்வளவு குறைவு? வீடு விழுகிற நிலையில் இருந்தது. வாங்குகிறவனுக்குச் சொத்து கிடைக்கவில்லை, செலவு கிடைத்தது. பழுதுபார்க்க நூற்றுக்கணக்கான பவுண்டு வேண்டியிருந்தது. டிரஸ்டைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆக்டேவியா ஹில் அம்மையார் அதற்காக ஊரெல்லாம் கடிதம் எழுதி நன்கொடை கேட்டார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1896இல் இந்த வீட்டை இடிக்கக் கூடாது என்று சொல்ல இங்கிலாந்தில் ஒரு சட்டமும் கிடையாது. சேகரகுரு, அதாவது ஊர்த் தேவாலயத்தின் பாதிரியார், வேறு நல்ல வீட்டுக்குப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது; இங்கே எளிய குடும்பங்கள் வாடகைக்கு இருந்துவந்தன. திருச்சபையின் கணக்கில் இது ஒழுகுகிற பழைய வீடு, இடித்தால் தொல்லை விட்டது. இடிக்கும் பேச்சும் எழுந்தது. அப்போது அந்த ஊர்ச் சேகரகுருவாக இருந்த பெய்னன் என்பவர்தான் விடாப்பிடியாகக் கதவு கதவாகத் தட்டினார். பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்திடம் போனார். அங்கிருந்து, அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்த நேஷனல் டிரஸ்டுக்குப் போனார்.

என் கட்சி இதுதான்: இந்த வீட்டைக் காப்பாற்றியது பணமும் அல்ல, சட்டமும் அல்ல. நச்சரித்த ஒரு குருவும், பழுதுபார்க்கும்போது கையை அடக்கத் தெரிந்த சில கைவினைஞர்களும். மறுப்பவர்கள் வரலாம்.

நெய்தல்நிலவன்:

வந்துவிட்டேன். வீடு திருச்சபையுடையது. கூரையைப் பார்க்காமல் ஒழுகவிட்டதும் திருச்சபை. இடிக்க நினைத்ததும் அதுவே. கடைசியில் அதே சபையின் குரு ஒருவருக்கு மாலை போடுகிறீர்களே, இது என்ன நியாயம்?

ஓலைக்கூரை:

நெய்தல், சபை வேறு, சேகரகுரு வேறு. சொத்து திருச்சபை ஆணையர்கள் கையில். குருவுக்கு அதில் அதிகாரம் குறைவு, ஊரில் பெயர் மட்டும் உண்டு. தனக்கு ஒரு காசு வருமானம் இல்லாத வீட்டுக்காக மேலிடத்தோடு மல்லுக்கு நின்றார் என்பதால்தான் சொல்கிறேன். நேஷனல் டிரஸ்டைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ஹார்ட்விக் ரான்ஸ்லியும் குருதான், கெஸ்விக் பக்கத்துக் கிராஸ்த்வெயிட்டின் சேகரகுரு. மற்ற இருவர் ஆக்டேவியா ஹில்லும், அஞ்சல் துறையின் வழக்கறிஞரான ராபர்ட் ஹண்டரும். ஒரு குரு எழுதிய கடிதத்தை இன்னொரு குரு படித்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

தச்சன்மகன்:

அரசியலை நீங்கள் பாருங்கள், நான் மரத்தைப் பார்க்கிறேன். இந்த வீட்டின் அருமை அதன் சட்டத்தில் இருக்கிறது; அது தெரியாமல் பாதுகாப்பைப் பற்றிப் பேசினால் காற்றில் பேசுவதாகும்.

இதை வீல்டன் வகை வீடு என்பார்கள். கென்ட், சசெக்ஸ் மாவட்டங்களில் வட டவுன்ஸ், தென் டவுன்ஸ் என்ற இரண்டு சுண்ணாம்புக் குன்றுத் தொடர்களுக்கு நடுவே உள்ள வீல்ட் பகுதியில் இந்த வகை மிகுதி. அமைப்பு எளிது. நடுவில் தரையிலிருந்து முகடுவரை திறந்த கூடம். மாடி கிடையாது. இரண்டு பக்கமும் மாடியுள்ள அறைகள். ஒரு பக்கம் சாப்பாட்டுப் பொருளும் பானமும் வைக்கும் அறைகள், மறு பக்கம் வீட்டுக்காரரின் தனி அறை. பக்கத்து மாடிகள் கீழ்ச்சுவரைவிட முன்னே துருத்திக்கொண்டிருக்கும். கூடத்தின் சுவர் மட்டும் உள்வாங்கியிருக்கும்.

இப்போது கூரையைப் பாருங்கள். இந்த வகையில் மூன்று பகுதிகளையும் ஒரே கூரை மூடுகிறது. முன்புறத்துச் சுவர்த் துலாம், அதாவது கைமரங்களின் அடி உட்காரும் நீள்மரம், ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நேராக ஓடுகிறது. பக்கங்களில் அது சுவர்மீது உட்கார்ந்திருக்கிறது. நடுவில் கூடத்துச் சுவர் உள்ளே தள்ளியிருப்பதால் அடியில் ஆதாரம் இல்லை, அந்தரத்தில் நிற்கிறது. அதைத் தாங்கத்தான் துருத்திய மாடிகளின் தூண்களிலிருந்து வளைந்த தாங்குமரங்களைக் கொடுப்பார்கள். நேராக வளர்ந்த மரத்தை வளைத்துச் செய்ய மாட்டார்கள். காட்டில் இயல்பாக வளைந்து வளர்ந்த ஓக் கிளையைத் தேடி எடுத்து, இரண்டாகப் பிளந்து, வலப்பக்கம் ஒன்று இடப்பக்கம் ஒன்று வைப்பது வழக்கம். தச்சனுக்குக் காட்டிலேயே வீடு தெரிந்திருக்க வேண்டும்.

உள்ளே குறுக்கு விட்டத்தின் நடுவில் குட்டையான ஒரு தூண் நிற்கும். அதிலிருந்து நாலாபுறமும் தாங்குகள் கிளம்பி மேலே ஓடும் நீள்மரத்தைப் பிடித்துக்கொள்ளும். இணைப்பெல்லாம் துளையும் கழுந்தும். பூட்டுவது மர ஆணி. இரும்பு ஏன் இல்லை? பச்சை ஓக் மரத்தில் துவர்ப்பு அமிலம் அதிகம், இரும்பை அரித்துவிடும். மேலும் ஓக்கைப் பச்சையாகத்தான் இழைத்துப் பூட்டுவார்கள். காயும்போது அது சுருங்கி முறுக்கிக்கொண்டு ஆணியை இறுக்கிப் பிடிக்கும். பட்டறையில் ஒருமுறை பூட்டிப் பார்த்து, ஒவ்வொரு இணைப்பிலும் அடையாளக் கீறல் போட்டு, கழற்றி, மனையில் கொண்டுபோய் மறுபடி பூட்டுவார்கள், நாம் கட்டிலைக் கழற்றிப் பூட்டுவதுபோல. பழைய சட்டங்களில் அந்தக் கீறல்கள் இன்றும் கண்ணில் படும்.

செங்கற்சூளை:

தம்பி நன்றாக எழுதியிருக்கிறார். ஆனால் ஒரு சந்தேகம். இந்த அமைப்பு அங்கே வசதியான குடியானவர்கள் கட்டிக்கொண்ட அமைப்புத்தானே? பாதிரியாருக்கென்று இதில் என்ன தனி அடையாளம்? ஒரு விவசாயி கட்டியது பிற்பாடு சபையின் கைக்கு வந்தது என்றும் சொல்கிறார்களே. அப்படியானால் குருமனை என்ற மரியாதையே பிற்காலத்துப் பூச்சு.

ஓலைக்கூரை:

செங்கற்சூளை ஐயா, முதலில் யார் கட்டினார்கள் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 1348இல் வந்த பெருங்கொள்ளைநோய்க்குப் பிறகு நிலம் கையில் சேர்ந்த குடியானவர்கள் இப்படி வீடு கட்டினார்கள் என்பது பலருடைய எண்ணம். அதில் எனக்குச் சண்டை இல்லை. அந்தக் காலத்து நாட்டுப்புறப் பாதிரியார் பாதி விவசாயிதான். கோயில் மானிய நிலத்தை உழுதார், விளைச்சலில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தைத் தானியமாக வாங்கிக் களஞ்சியத்தில் வைத்தார். அவர் வீடு குடியானவர் வீட்டைப்போல இல்லாமல் வேறு எப்படி இருக்கும்? சிறப்பான அரண்மனைகளும் மடங்களும் எத்தனையோ நிற்கின்றன. சாதாரணப் பாதிரியார் குடியிருந்த சாதாரண வீடு நிற்பதுதான் அரிது. சோமர்செட்டில் மச்செல்னி மடத்தார் 1308இல் கட்டிய பாதிரியார் வீடு ஒன்று நிற்கிறது, அதுவும் 1911இல் நேஷனல் டிரஸ்டிடம் வந்தது. சசெக்ஸிலேயே மேற்கு ஹோத்லியில் 15ஆம் நூற்றாண்டு வீடு ஒன்று, இப்போது அருங்காட்சியகம். விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சசெக்ஸ்வாசி:

நான் இந்தப் பக்கத்தில் வேலை பார்க்கிறேன். விருந்தினர் வந்தால் அங்கே அழைத்துப்போவது வழக்கம், அதனால் பார்த்ததைச் சொல்கிறேன்.

கூடத்தில் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது தரை. பலகையும் இல்லை, ஓடும் இல்லை. மங்கலான வெள்ளை. டவுன்ஸ் குன்றில் வெட்டிய சீமைச் சுண்ணாம்புக் கல்லை உடைத்துப் பரப்பி, இடித்துக் கெட்டிப்படுத்தி, அதன்மேல் புளித்த பாலை ஊற்றி மெழுகியிருக்கிறார்கள். காலடிச் சத்தமே கேட்காது, செருப்புச் சத்தம் அமுங்கிப்போகும். ஈரத்தோடு யாராவது உள்ளே வந்தால் அங்கே நிற்கும் தன்னார்வலர்களின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டுமே!

மேலே பார்த்தால் கைமரங்கள் உயர்ந்துகொண்டே போகின்றன. புகைபோக்கி பிற்காலத்துச் சேர்க்கை. இத்தகைய கூடங்களில் நடுத்தரையில் தீ எரியும், புகை கூரை வழியாகத் தானே வழி தேடிக்கொள்ளும். ஜன்னலுக்குக் கண்ணாடி இருக்காது, மரக்கம்பியும் உள்ளே இழுத்து மூடும் பலகையும்தான்.

இன்னொன்று. கூடத்து மரத்தின் ஒரு மூலையில் ஓக் இலை ஒன்று செதுக்கியிருக்கிறது. உள்ளங்கை அளவுதான் இருக்கும், சொல்லாவிட்டால் தவறவிடுவீர்கள். நேஷனல் டிரஸ்டின் ஓக் இலைச் சின்னம் இதிலிருந்து வந்தது என்று எல்லோரும் ஆசையோடு சொல்கிறார்கள். சின்னத்தை வரைந்தவர் ஜோசப் ஆர்மிடேஜ் என்ற சிற்பி, 1930களில் நடந்த போட்டியில் வென்றது. அவர் இந்த இலையைப் பார்த்துத்தான் வரைந்தார் என்பதற்குக் கையில் பிடித்துக் காட்டும்படியான சான்று இல்லை. இங்கிலாந்தில் ஓக் இலையை வரைய ஆல்ஃபிரிஸ்டனுக்குத்தான் வர வேண்டுமா என்ன?

நெய்தல்நிலவன்:

புளித்த பாலா? தரையில் பால் ஊற்றினால் எறும்புதான் வரும். பயணிகளுக்காகச் சொல்கிற கதையாக இருக்கும்.

தச்சன்மகன்:

கதை இல்லை. பாலில் உள்ள புரதம் சுண்ணாம்போடு சேர்ந்தால் தண்ணீரில் எளிதில் கரையாத பசையாகிவிடும். பழைய காலத்துச் சுண்ணாம்பு வண்ணப்பூச்சுகளிலும் மரத்தச்சர்களின் பசையிலும் இதே சேர்க்கைதான். நம் ஊர்க் கொத்தனார்கள் சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்ததை ஒத்துக்கொள்கிறீர்கள், வெள்ளைக்காரன் மோர் ஊற்றினால் மட்டும் கதையா?

நெய்தல்நிலவன்:

சரி, எறும்பை விட்டுவிடுகிறேன்.

வழக்காடி:

இழையைத் தொடங்கியவர் 1896இல் சட்டம் இல்லை என்றார். அதை விரித்துச் சொல்வது நல்லது, ஏனென்றால் பாதிப் பேர் இங்கிலாந்தில் ஆதியிலிருந்தே எல்லாவற்றுக்கும் சட்டம் இருந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டம் 1882இல் வந்தது, ஜான் லுபக்கின் முயற்சியால். ஆனால் அதன் பட்டியலில் இருந்தவை ஸ்டோன்ஹெஞ்ச் போன்ற வரலாற்றுக்கு முந்தைய கற்குவியல்களும் மேடுகளும்தான். மொத்தமே சில பத்து இடங்கள். அதிலும் உரிமையாளர் மனமுவந்து ஒப்படைத்தால்தான் அரசு காவலேற்க முடியும். இடைக்காலக் கட்டடங்களை உள்ளே கொண்டுவந்தது 1900ஆம் ஆண்டுச் சட்டம். 1913இல் கொஞ்சம் பல் முளைத்தது, ஆனால் குடியிருக்கும் வீடுகளும் வழிபாட்டில் உள்ள தேவாலயங்களும் அதன் கைக்கு எட்டாதபடி விலக்கப்பட்டன. தனியார் சொத்தில் அரசு மூக்கை நுழைக்கக் கூடாது என்ற எண்ணம் நாடாளுமன்றத்தில் அவ்வளவு கெட்டியாக இருந்தது. குடியிருப்பு வீடுகளுக்குப் பட்டியல்முறை, அதாவது காக்க வேண்டிய கட்டடங்களைத் தரம் பிரித்துப் பட்டியலிடும் முறை, வந்தது இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சுக்குப் பிறகு, 1944, 1947ஆம் ஆண்டுகளின் ஊர்த்திட்டச் சட்டங்களால். ஆக இந்த வீடு விற்கப்பட்டதற்கும் இத்தகைய வீடுகளுக்குச் சட்டக் காவல் வந்ததற்கும் இடையே அரை நூற்றாண்டு.

இப்போது இது இரண்டாம் தர நட்சத்திரப் பட்டியலில் இருக்கிறது. இங்கிலாந்துப் பட்டியலில் ஏறக்குறைய நான்கு லட்சம் பதிவுகள். அதில் முதல் தரம் இரண்டரை விழுக்காடு அளவு, இரண்டாம் தர நட்சத்திரம் ஆறு விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு, மற்றவை இரண்டாம் தரம். முன் அனுமதி இல்லாமல் அதன் தன்மை கெடும்படி கை வைத்தால் அது குற்றம்; சிறைத்தண்டனைகூட உண்டு.

குருமனைகளைப் பற்றி வழக்கறிஞர்கள் மட்டும் கவனிக்கிற ஒரு நுணுக்கம் இருக்கிறது. வழிபாட்டில் உள்ள தேவாலயத்தை மாற்றியமைக்க வேண்டுமென்றால் ஆங்கிலிக்கன் சபை நகராட்சியிடம் பட்டியல் அனுமதி கேட்க வேண்டாம். சபைக்கே சொந்தமான அனுமதி முறை இருக்கிறது, சட்டம் அதை ஏற்கிறது. ஆனால் 1990ஆம் ஆண்டின் பட்டியல் கட்டடச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, குரு தம் பணிக்காகக் குடியிருக்கும் வீட்டை அந்தச் சலுகையிலிருந்து வெளிப்படையாக விலக்குகிறது. கோயில் சபையின் நீதிமன்றத்துக்கு, குருமனை ஊர் மன்றத்துக்கு. ஒரே மதில், இரண்டு சட்டம். நெய்தல் கேட்ட கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது: குருமனை விஷயத்தில் சபையை அதன் போக்கில் விட முடியாது என்று சட்டம் இயற்றியவர்களே எண்ணியிருக்கிறார்கள்.

நெய்தல்நிலவன்:

வழக்காடி ஐயாவுக்கு ஒரு கும்பிடு. இழையைத் தொடங்கியவர் கவனிக்கவும், சட்டமே என் பக்கம்.

செங்கற்சூளை:

சட்டம் இருக்கட்டும். 1896க்குப் பிறகு பழுதுபார்த்தார்களே, அப்போது எவ்வளவு மரத்தை மாற்றினார்கள்? கூரைப் புல்லை எத்தனை தடவை மாற்றியிருப்பார்கள்? சுவர் மண்ணை எத்தனை தடவை பூசியிருப்பார்கள்? கடைசியில் 14ஆம் நூற்றாண்டு என்று சொல்ல என்ன மிச்சம்? நான் கட்டடத் தொழிலில் இருப்பவன், பழைய வீடு என்று காட்டுவதில் பாதி புதியது என்பது எனக்குத் தெரியும்.

ஓலைக்கூரை:

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

ஆல்ஃபிரிஸ்டன் வேலையைச் செய்த கட்டடக்கலைஞர் ஆல்ஃபிரட் பவல். பிற்காலத்தில் வெட்ஜ்வுட் பீங்கான்களுக்கு ஓவியம் தீட்டிப் பெயர் வாங்கியவர் இவரேதான். அவர் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தின் வட்டத்தைச் சேர்ந்தவர். வில்லியம் மோரிஸும் ஃபிலிப் வெப்பும் 1877இல் அந்தச் சங்கத்தைத் தொடங்கியதன் காரணமே, அந்தக் காலத்தில் புனரமைப்பு என்ற பெயரில் நடந்த கொடுமைதான். விக்டோரியா காலக் கட்டடக்கலைஞர்கள் ஒரு பழைய தேவாலயத்துக்குள் நுழைந்தால், 15ஆம் நூற்றாண்டு ஜன்னலைப் பெயர்த்துவிட்டு 13ஆம் நூற்றாண்டுப் பாணியில் புத்தம்புது ஜன்னல் வைப்பார்கள், சுவரின் பழைய பூச்சையெல்லாம் சுரண்டிக் கல்லை அம்மணமாக்குவார்கள். அதனால் இந்தச் சங்கத்துக்கே சுரண்டல் எதிர்ப்புச் சங்கம் என்று பட்டப்பெயர் விழுந்தது.

சங்கத்தின் வழிமுறை வேறு. அழகாக்காதே, முந்தைய காலத்துக்குத் திருப்பாதே, ஒழுகலை நிறுத்து, சாய்வதற்கு முட்டுக்கொடு, அன்றாடப் பராமரிப்பால் அழிவைத் தள்ளிப்போடு. உளுத்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துப் புது ஓக்கை ஒட்டு. ஒட்டியது ஒட்டியதாகவே தெரியட்டும், பழையதுபோல் நடிக்க வேண்டாம். செங்கற்சூளை ஐயாவின் கேள்விக்கு இந்த வழிமுறையே விடை. எது 14ஆம் நூற்றாண்டு, எது பிற்காலம் என்பதை மறைக்காமல் விட்டால் பார்க்கிறவனே கண்டுகொள்வான். கேள்வி எழுவது மறைத்த வீடுகளில்தான்.

பவலுக்குப் பதிலாக அந்தக் காலத்துப் பெரிய புனரமைப்பாளர் ஒருவர் கையில் இது சிக்கியிருந்தால், இன்று நமக்குக் கிடைத்திருப்பது 1890களின் கற்பனையில் உருவான ஒரு 14ஆம் நூற்றாண்டு வீடு. அது இடித்ததற்குச் சமம் என்பேன்.

செங்கற்சூளை:

கடைசி வரி கொஞ்சம் அதிகம். இடித்திருந்தால் உங்களுக்கு இந்த இழையே இல்லை.

கணக்குப்பிள்ளை:

எல்லோரும் பேசி முடித்ததும் காசு கொடுக்கிறவனைக் கூப்பிடுவார்கள். நானே வந்துவிட்டேன்.

கூரையிலிருந்து ஆரம்பிக்கிறேன். தென் இங்கிலாந்தில் வேயும் பொருள் முக்கியமாக இரண்டு: கோதுமை வைக்கோல், ஆற்று நாணல். வைக்கோல் இருபது ஆண்டு தாங்கினால் நல்ல வேலை. நாணல் அதன் இரு மடங்கு தாங்கும். ஆனால் எதுவாக இருந்தாலும் முகட்டை மட்டும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். 1896இலிருந்து இன்றுவரை எத்தனை முறை ஏணி சாய்த்திருப்பார்கள் என்று கூட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வேய்கிறவர் கைவினைஞர், கூலி கேட்ட கூலி. தீக்காப்பீடு தனி.

அடுத்தது மரம். ஈரம் ஏறிய ஓக்கைக் குடையும் வண்டு ஒன்று அங்கே உண்டு. வசந்தகாலத்தில் இணையைக் கூப்பிட மரத்தில் தலையை மோதித் தட்டும். இரவு முழுவதும் நோயாளி அருகில் விழித்திருப்பவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டதால் சாவுக்காவல் வண்டு என்று அவர்கள் மொழியில் பெயர். புழு பத்தாண்டுவரைகூட மரத்துக்குள்ளேயே கிடக்கும், வெளியே ஓட்டை தெரியும்போது உள்ளே காரியம் முடிந்திருக்கும். மருந்து அடிப்பதைவிட ஈரத்தை நிறுத்துவதுதான் வைத்தியம். அதற்குச் செலவு மாதாமாதம்.

பிறகு வரி. பிரிட்டனில் புது வீடு கட்டினால் மதிப்புக்கூட்டு வரி பூஜ்யம். பழைய வீட்டைப் பழுதுபார்த்தால் 20 விழுக்காடு. பட்டியல் கட்டடங்களில் அனுமதி பெற்றுச் செய்யும் மாற்றங்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது, அதையும் 2012 அக்டோபரில் எடுத்துவிட்டார்கள். வழிபாட்டிடங்களுக்கு அந்த வரியைத் திருப்பித் தரும் மானியத் திட்டம் ஒன்று 2001இல் தொடங்கியது. முன்னாள் குருமனைக்கு அதில் இடமிருக்கவில்லை, அங்கே வழிபாடு நடப்பதில்லையே! வழக்காடி ஐயா சொன்ன அதே மதில்தான் இங்கேயும் குறுக்கே நிற்கிறது.

ஆகவே ஓலைக்கூரை அவர்களே, பணம் காப்பாற்றவில்லை என்ற வாதத்தை நான் ஏற்க மாட்டேன். பத்து பவுண்டு காப்பாற்றவில்லை, சரி. அதற்குப் பிறகு ஆண்டுதோறும் கொட்டிய பணம்தான் காப்பாற்றியது. இன்று நேஷனல் டிரஸ்டுக்கு 50 லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்த வீட்டைப் பார்த்தே இருக்க மாட்டார்கள், ஆனால் சந்தா கட்டுகிறார்கள்.

ஓலைக்கூரை:

கணக்குப்பிள்ளை, ஆண்டுதோறும் பணம் என்பதை ஏற்கிறேன். ஆனால் அந்தப் பணம் தானாகச் சேரவில்லை. அதைச் சேர்க்க ஓர் அமைப்பு வேண்டியிருந்தது, அமைப்பு நம்பத்தக்கது என்று ஊருக்குக் காட்ட ஒரு வீடு வேண்டியிருந்தது. இந்த வீடு டிரஸ்டைக் காப்பாற்றியது என்றுகூடச் சொல்லலாம்.

தச்சன்மகன்:

கணக்குப்பிள்ளை ஈரத்தைச் சொன்னார், அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மரச்சட்ட வீட்டுக்கு எமன் சிமென்ட். சட்டங்களுக்கு நடுவே கழிகளை வரிந்து, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து அப்பி, மேலே சுண்ணாம்பு பூசியிருப்பார்கள். அந்தச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் வந்தால் விடும். சட்டமும் பருவத்துக்குப் பருவம் கொஞ்சம் அசையும், சுண்ணாம்பு அதோடு சேர்ந்து அசையும். சிமென்ட் அசையாது. மரத்துக்கும் பூச்சுக்கும் இடையே மயிரிழை விரிசல் விடும், மழை அதன் வழியே உள்ளே போகும், வெளியே வர வழி இருக்காது. முதலில் உளுப்பது அடியில் படுத்திருக்கும் நிலைமரம்.

கென்ட்டில் நான் வேலை செய்த ஒரு வீட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். முன்பு யாரோ ஓர் ஒப்பந்தக்காரர் முகப்பு பளபளக்கச் சிமென்ட் பூசிவிட்டுப் போயிருந்தார். வெளியிலிருந்து பார்த்தால் குறையே தெரியாது. ஓரத்தில் உளியை வைத்து அழுத்தினேன், பிடிவரை உள்ளே போய்விட்டது. மரம் என்று இருந்தது ஈரப் புகையிலைத்தூள் மாதிரிக் கையோடு வந்தது. வீட்டுக்காரர் அழாத குறை. மூன்று தூண்களின் அடியை வெட்டிப் புது ஓக் ஒட்டினோம், பூச்சை முழுக்க உரித்துச் சுண்ணாம்பு பூசினோம். பவலும் அவருடைய ஆட்களும் ஆல்ஃபிரிஸ்டனில் சுண்ணாம்போடு நின்றதன் மதிப்பு அன்றுதான் எனக்கு உறைத்தது.

சசெக்ஸ்வாசி:

தம்பி, படித்ததும் என் வாடகை வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்தேன். அதைப் பற்றித் தனி இழை தொடங்குகிறேன்!

இங்கே ஒன்றைக் கேட்க வேண்டும். வீட்டைக் காப்பாற்றினார்கள், சரி. ஆனால் அதில் யாரும் குடியில்லை. படுக்கையில்லை, சமையலில்லை, சீட்டு வாங்கிக்கொண்டு நுழைந்து கயிற்றுக்கு இந்தப்புறம் நின்று பார்த்துவிட்டு வருகிறோம். தோட்டம் அழகு, கடையில் ஜாம் நன்றாக இருக்கும். குருமனை என்பது குடியிருக்கும் இடம். குடியை எடுத்துவிட்டுச் சட்டத்தை மட்டும் வைத்திருப்பதுதான் பாதுகாப்பா?

நெய்தல்நிலவன்:

அக்கா சரியாகக் கேட்டார். நானும் இதைத்தான் வேறு விதத்தில் சொல்ல வந்தேன்.

வழக்காடி:

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 20ஆம் நூற்றாண்டில் ஆங்கிலிக்கன் சபை பழைய குருமனைகளை ஆயிரக்கணக்கில் விற்றது. பன்னிரண்டு அறையுள்ள ஜார்ஜியக் காலத்து வீட்டைச் சூடேற்றக் குருவின் சம்பளம் போதவில்லை; பக்கத்தில் சின்னதாக ஒரு செங்கல் வீடு கட்டிக் குருவை அதில் வைத்தார்கள். விற்ற வீடுகள் இன்று லண்டன் வங்கிக்காரர்களின் கனவு வீடுகள். அங்கே குடியிருக்கிறார்கள், சமைக்கிறார்கள், கூரையைப் பார்த்துக்கொள்கிறார்கள். பட்டியல் சட்டமும் பாதுகாக்கிறது. ஆனால் ஊர்க்காரன் வாசல் தாண்ட முடியாது. முன்பு கல்யாணப் பதிவுக்கும் கஷ்டத்துக்கும் ஊரே போய்வந்த வீடு அது. குடி வேண்டுமா, வாசல் வேண்டுமா என்றால், ஆல்ஃபிரிஸ்டனில் வாசல் கிடைத்தது.

ஓலைக்கூரை:

இரண்டும் சேர்ந்து இருந்த காலமும் ஆல்ஃபிரிஸ்டனுக்கு உண்டு. டிரஸ்ட் வாங்கியபின் வீட்டைப் பூட்டிவைக்கவில்லை, வாடகைக்கு விட்டது. கோர்டோல்ட் கலைக்கல்வி நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ராபர்ட் விட் அங்கே குடியிருந்தவர். இன்று சசெக்ஸ்வாசி பாராட்டும் தோட்டத்தில் அவருடைய கை இருக்கிறது.

ஆனால் அக்கா, இந்த ஒரு வீட்டைப் பொறுத்தவரை குடியில்லாமல் இருப்பதே நல்லது என்பது என் கட்சி. குடிவந்தால் குளியலறை வேண்டும், சூடேற்றும் குழாய் வேண்டும். அந்தச் சுண்ணாம்புத் தரையை என்ன செய்வீர்கள்? குழந்தை வைத்திருப்பவர் அதில் ஒரு மாதம் தாங்குவாரா? கூடத்தின் நடுவே மாடி போட்டுவிடலாம் என்று இரண்டாம் ஆண்டே தோன்றும். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் வீல்டன் வீடுகளுக்கு நேர்ந்ததே அதுதான்: புகைபோக்கி கட்டினார்கள், புகை போனதும் கூடத்தின் குறுக்கே மாடி போட்டார்கள், திறந்த கூடம் மறைந்தது. வீல்டன் வகை வீடுகள் கென்ட்டில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, பெரும்பாலானவற்றில் குடியும் இருக்கிறது. முகடுவரை நிமிர்ந்து பார்க்கும்படி கூடம் திறந்து கிடப்பது வெகு சிலவற்றில்தான்.

சசெக்ஸ்வாசி:

தரையைச் சொல்லி என்னை மடக்கிவிட்டீர்கள். ஆனால் கூடத்தில் ஒரு நாளாவது தீ மூட்டிக் காட்டினால் என்ன?

கணக்குப்பிள்ளை:

வேய்ந்த கூரைக்குக் கீழேயா? காப்பீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு வாருங்கள் அம்மா.

செங்கற்சூளை:

எனக்கு ஒரே கேள்வி பாக்கி. நாளைக்கு நேஷனல் டிரஸ்டுக்கே பணமுடை வந்தால்? விற்றுவிட மாட்டார்களா? பத்து பவுண்டுக்கு வாங்கியதை இன்று விற்றால் எத்தனை லட்சம்!

வழக்காடி:

அதற்குத்தான் ராபர்ட் ஹண்டர் வழக்கறிஞராகப் பிறந்தார். 1907ஆம் ஆண்டின் நேஷனல் டிரஸ்ட் சட்டம் அவர் மூளை. ஒரு சொத்தைக் கைமாற்ற முடியாதது என்று அறிவிக்க அது டிரஸ்டுக்கு அதிகாரம் கொடுத்தது. அறிவித்துவிட்டால் பிறகு டிரஸ்டே நினைத்தாலும் விற்க முடியாது, அடமானம் வைக்க முடியாது. அடுத்த நிர்வாகக் குழு வந்து தீர்மானத்தைத் திருப்பவும் முடியாது. சாலை போட வேண்டும் என்று அரசு கட்டாயமாக எடுக்க வந்தாலும் டிரஸ்ட் எதிர்ப்புத் தெரிவித்தால் விஷயம் நாடாளுமன்றத்தின் தனி நடைமுறைக்குப் போக வேண்டும். குத்தகைக்கு விடலாம், அதற்குத் தடையில்லை. ஆக, செங்கற்சூளை ஐயா, கையில் எத்தனை லட்சம் இருந்தாலும் உங்களுக்கு வாடகை வீடுதான் கிடைக்கும், அதுவும் டிரஸ்ட் மனம் வைத்தால்.